செட்டில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு

ஸ்ரீரங்கத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் பிள்ளைகளைக் கல்லூரி விடுதிக்கு அனுப்பியிருக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்:

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் நீங்கள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்; கேட்கிற இடம் மட்டும் மாறும். உத்தர வீதிக் காய்கறிக் கடை, தாயார் சந்நிதி வாசல், ஜங்ஷன் போகிற ஒண்ணாம் நம்பர் பஸ். "சார், பையன் ஏதோ ஒரு செட்டுல சேர்ந்திருக்கான். ராத்திரி பன்னெண்டு மணிக்கு மீட்டிங்குங்கறான். என்னடா மீட்டிங்குன்னா, உனக்குப் புரியாதும்மான்னு போயிடறான். விடலாமா, கண்டிக்கணுமா?" திருச்சியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தியவன், கொஞ்ச காலம் விடுதியில் துணை வார்டனாகவும் இருந்தவன் என்பதால் என்னைக் கேட்கிறீர்கள். பஸ்ஸில் நின்றபடி சொல்கிற பதில் பாதியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிடுகிறது. அதனால் இந்தக் கடிதம்.

செட்டு என்று நீங்கள் சொல்வதில் எத்தனையோ ரகம் இருக்கிறது. துவாக்குடி என்.ஐ.டி.யில் ஒரு கிளப்பாக இருக்கலாம். ஊர்க்காரப் பசங்க கூட்டமாக இருக்கலாம். டிபார்ட்மென்ட் சீனியர்கள், ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள், ஒரே நடிகருக்குப் பேனர் கட்டுகிறவர்கள். அமெரிக்காவில் குடியேறிய நம் ஊர்க் குடும்பங்களில் என்றால், கதவில் கிரேக்க எழுத்து மாட்டிய ஒரு வீடு. எல்லாவற்றுக்கும் சேர்த்து என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடுங்கள். பதினெட்டு வயசுப் பையன் எந்தச் செட்டிலும் இல்லை என்றால்தான் எனக்குக் கவலை. விடுதியில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வாங்கி வருவதும், ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போவதும் செட்டுதான். செட்டில்லாத பையனுக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்தது நாலாம் நாள் மெஸ் கணக்கில்தான் தெரிய வரும்.

அப்பாக்களே, உங்களுக்கும் செட்டு இருந்தது. அம்மா மண்டபம் படித்துறையிலும் கொள்ளிடக்கரை மணலிலும் நீங்கள் யாரோடு திரிந்தீர்கள் என்று உங்கள் வீட்டில் எல்லாம் சொல்லியிருப்பீர்களா என்ன? சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளைப் படித்தவர்களுக்கு ரங்கு கடை தெரியும். வேலைவெட்டி இல்லாதவர்களும் இருந்தும் செய்யாதவர்களும் கூடி ஊர் வம்பையும் உலக விவகாரத்தையும் அலசிய இடம். அந்தக் கடைவாசலில் நிற்காத பையன் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவனே இல்லை என்று ஒரு தலைமுறை நினைத்திருந்தது.

இன்னொரு செட்டும் இந்த ஊரில் இருந்தது. 1950-இல் ராமேஸ்வரத்துப் பையன் ஒருவர் இன்டர்மீடியட் படிக்க செயின்ட் ஜோசப் கல்லூரிக்கு வந்து விடுதியில் தங்கினார். அறையில் மூன்று பேர். ஒருவர் ஸ்ரீரங்கத்து ஆசாரமான ஐயங்கார் வீட்டுப் பிள்ளை, இன்னொருவர் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர், மூன்றாமவர் அப்துல் கலாம். 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தில் இதை அவரே சொல்லியிருக்கிறார். மூன்றாம் வருஷம் சைவ மெஸ்ஸுக்குச் செயலாளராக ஆனபோது, விடுதி ரெக்டரான பாதிரியாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து, அவரவர் வீட்டுப் பக்குவத்தில் பதார்த்தங்கள் செய்து போட்டிருக்கிறார்கள். பாதிரியார் மனம்விட்டுப் பாராட்டி, அவர்களோடு குழந்தை மாதிரி அரட்டையும் அடித்துவிட்டுப் போனாராம். 1950-களில் ஒரு ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டில், பையனின் அறைத்தோழர்கள் யார் யார் என்று தெரிந்தபோது என்ன பேசிக்கொண்டார்கள் என்பது மட்டும் அந்தப் புத்தகத்தில் இல்லை. எனக்குப் படிக்க ஆசையானது அந்தப் பக்கம்தான்.

ஏனென்றால் இப்போதும் நீங்கள் கேட்கிற முதல் கேள்வி அதுதான்: "யாரு பசங்க?" பையன் "நம்ம பசங்கதாம்மா" என்று சொல்லிவிட்டால் உங்கள் முகம் தெளிந்துவிடுகிறது. வேறு பெயர் ஏதாவது சொன்னால் உங்கள் குரல் மாறுகிறது. வார்டன் அறையில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன், பஞ்சாயத்துக்கு வந்த சண்டைகளில் பாதிக்கு மேல் "நம்ம பசங்க" செட்டுகளுடையவை. சாதிக்கொரு கூட்டம், மாவட்டத்துக்கொரு கூட்டம், அதற்கொரு கலர் கயிறு. ஒருவனை ஒருத்தன் முறைத்தால் அது இரண்டு பேர் விஷயமாக நிற்காது, கயிறுகளின் விஷயமாகிவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த பையன்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, பள்ளிகளில் கலர் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாவற்றையும் தடுக்கச் சொன்னது. நெற்றிக்குறி என்றதும் நம் ஊரில் பலருக்குச் சுருக்கென்றது, தெரியும். அதைத் தனியாக வாதாடிக்கொள்ளலாம். கயிற்றில் வாதாட ஒன்றும் இல்லை. பையன் லீவுக்கு வரும்போது மணிக்கட்டைப் பாருங்கள்.

சென்னையில் பஸ் ரூட்டே ஒரு செட்டு. ரூட்டுக்கு ஒரு 'ரூட்டு தல'. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் மாநகரப் பஸ்ஸுக்குள் பட்டாக்கத்தியோடு புகுந்தவர்களும் வெட்டுப்பட்டவர்களும் ஒரே கல்லூரி, ரூட்டுதான் வேறு. 2024 அக்டோபரில் சென்ட்ரல் ஸ்டேஷன் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சில நாளில் இறந்துபோனார். இந்தப் பையன்களின் வீட்டிலும் யாராவது "யாரு பசங்க" என்று கேட்டிருப்பார்கள். "நம்ம ரூட்டு பசங்க" என்று பதில் வந்திருக்கும்.

சரி, வேறென்ன கேட்பது என்கிறீர்களா? உள்ளே சேர்த்துக்கொள்ள அந்தச் செட்டு என்ன கேட்டது என்று கேளுங்கள்.

என்.ஐ.டி.யை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய திருச்சிக்காரர்களான நமக்கு அது இன்னும் ஆர்.இ.சி.தான். ஸ்ரீரங்கத்துப் பையனாகவே இருந்தாலும் காவிரிப் பாலத்தைத் தாண்டி, ஊர் முழுக்கக் கடந்து, விடுதியில்தான் போய் இருந்தாக வேண்டும். அங்கே டெல்டா, ஸ்பைடர் என்று கிளப்புகள் இருக்கின்றன. ஃபெஸ்டம்பர் கலைவிழா நடத்துகிற குழுக்கள் இருக்கின்றன. டெல்டா மாதிரியான கிளப்பில் சேர வேண்டும் என்றால் எதையாவது செய்து காட்ட வேண்டும். ஒரு புரோகிராம், ஒரு சர்க்யூட், பிறகு ஒரு நேர்காணல். எடுக்கவில்லை என்றால் பையன் ரெண்டு நாள் சுருண்டு படுப்பான், மூணாம் நாள் வேறு கிளப்புக்குப் போவான். நள்ளிரவு மீட்டிங் என்று நீங்கள் பதறுவது பெரும்பாலும் இந்த வகை. விடுதியில் பொழுது விடிவதே ராத்திரி பத்து மணிக்கு மேல்தான். அதற்குப் பயப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. மார்க் குறைந்தால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

இன்னொரு வகை வாசல் இருக்கிறது. அதற்குப் பெயர் 'இன்ட்ரோ'. சீனியர் அறைக்குக் கூப்பிடுவார்கள். சட்டையின் மூணாவது பட்டனைப் பார்த்தபடி நிற்க வேண்டும், கண்ணைத் தூக்கக் கூடாது. பெயர், அப்பா பெயர், ஊர், பள்ளிக்கூடம், மார்க் என்று அவர்கள் சொன்ன வரிசையில் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை மாறினால் முதலிலிருந்து. ஊரைச் சொன்னதும் ஊரை வைத்துக் கேலி. ஸ்ரீரங்கம் என்றால் என்ன கேலி என்று உங்களுக்கே தெரியும். அக்கா தங்கை இருந்தால் அதை வைத்து. பாடச் சொல்வார்கள், ஆடச் சொல்வார்கள். பிறகு ரெகார்ட் நோட் எழுத வேண்டும், டீ வாங்கி வர வேண்டும், துணி காயப் போட வேண்டும். இவ்வளவும் தாங்கினால் நீ நம்ம பையன். பழைய வினாத்தாள் கிடைக்கும், கேன்டீனில் இடம் கிடைக்கும், எவனாவது மிரட்டினால் பின்னால் பத்து பேர் நிற்பார்கள். சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒரு மாணவன் சாதாரணமாகத் தானாக விரும்பிச் செய்யமாட்டாத எதையும் செய்யச் சொன்னால் அது ராகிங். அடித்தால்தான் ராகிங் என்று எங்கேயும் இல்லை.

இதில் உங்களுக்குப் புரியாமல் போவது ஒன்று. பையன் அழுதுகொண்டு போன் செய்த மாதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. நாலு மாதம் கழித்து அதே சீனியர்களை "அண்ணா, அண்ணா" என்கிறான். நீங்கள் ஏதாவது சொன்னால் எரிந்து விழுகிறான். அமெரிக்க உளவியலாளர்கள் எலியட் ஆரன்சனும் ஜட்சன் மில்ஸும் 1959-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. கல்லூரிப் பெண்களை ஒரு விவாதக் குழுவில் சேர்த்தார்கள். சிலரைக் கூச்சத்தில் நெளிய வைக்கிற சோதனை ஒன்று வைத்துச் சேர்த்தார்கள், சிலரைச் சும்மா சேர்த்தார்கள். பிறகு எல்லோருக்கும் அந்தக் குழுவின் பேச்சைக் கேட்கப் போட்டார்கள். வேண்டுமென்றே அறுவையாகத் தயாரித்த பேச்சு. அவமானப்பட்டு உள்ளே வந்தவர்கள்தான் அதை அருமை என்றார்கள். இவ்வளவு பட்டது வீண் என்று ஒப்புக்கொள்ள மனசு இடம் தராது. அதனால் கிடைத்தது உசத்தி என்று நம்பிவிடும். உங்கள் பையன் செட்டுக்குப் பரிந்து பேசுவதற்குக் காரணம், அவன் கெட்டுப்போனது இல்லை. அவன் கொடுத்த விலை.

அமெரிக்காவில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும், அங்கே பேரன் படிக்கிறான் என்று இங்கே கவலைப்படும் தாத்தா பாட்டிகளுக்கும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. கிரேக்க எழுத்துச் சங்கங்கள் 1776-இல் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய பழைய சமாச்சாரம். தெற்காசிய மாணவர்கள் தங்களுக்கென்றே தொடங்கியவையும் உண்டு. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1996-இல் சிக்மா பீட்டா ரோ, ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1998-இல் டெல்டா எப்சிலான் சை. "இந்தியப் பசங்கதானாம்" என்று தெரிந்ததும் பாட்டிக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்கு எச்சரிக்கையாகவே இன்னொன்றைச் சொல்கிறேன். 2013 டிசம்பரில் நியூயார்க் பரூக் கல்லூரி முதலாண்டு மாணவன் ஒருவனை, அவன் சேர்ந்த ஆசிய வம்சாவளிச் சங்கத்தினர் மலைப்பகுதியில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். கண்ணைக் கட்டி, மணல் நிரப்பிய பையை முதுகில் மாட்டி, உறைந்த தரையில் நடக்கவிட்டு, மோதி மோதித் தள்ளினார்கள். மயங்கி விழுந்தவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரம் கடத்தினார்கள். இறந்துபோனான். 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 19 வயசுப் பையன், சேர்க்கை இரவில் குடிக்க வைக்கப்பட்டு மாடிப்படியில் விழுந்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட ஏறக்குறைய 12 மணி நேரம் ஆனது. வீடு நிறைய 'சகோதரர்கள்' இருந்தார்கள். இரண்டிலும் என்னை உறுத்துவது அந்த நேரக் கடத்தல்தான். செட்டு மாட்டிக்கொள்ளும் என்ற பயம் பையனின் உயிரை விடப் பெரிதாக இருந்திருக்கிறது. 2024 டிசம்பரில் அந்த நாட்டில் ஒரு சட்டம் வந்திருக்கிறது. கல்லூரிகள் இத்தகைய சம்பவங்களை எண்ணி வெளியிட வேண்டும். அங்கே பையன் ஒரு சங்கத்தில் சேருமுன் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது.

நம் பக்கம் சட்டம் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது, ஒரு பிள்ளையின் உயிரைக் கொடுத்து. 1996 நவம்பர் 6. சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் பொன் நாவரசு, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொன்னுசாமியின் மகன், சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். எப்படி என்பதை அன்று பத்திரிகை படித்த யாரும் மறந்திருக்க முடியாது, நான் எழுதப்போவதில்லை. அடுத்த மாதமே அவசரச் சட்டம், 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், தண்டனை பெற்றவனுக்குக் கல்லூரியிலிருந்து நீக்கம், வேறு கல்லூரியிலும் இடமில்லை. கொலை வழக்கில் கடலூர் செஷன்ஸ் கோர்ட் 1998-இல் தண்டித்தது, 2001-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2011-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி தண்டனையை உறுதி செய்தது. துணைவேந்தராக இருந்த ஒரு தகப்பனே பதினைந்து வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் அமன் கச்ரு என்ற மாணவர் சீனியர்கள் அடித்து இறந்த பிறகு, அந்த வருஷமே பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிமுறைகள் கொண்டுவந்தது. முதலாண்டு மாணவர்களுக்குத் தனி விடுதிப் பகுதி, புகார் தெரிந்த 24 மணி நேரத்தில் போலீசில் எஃப்.ஐ.ஆர்., இருபத்துநாலு மணி நேரமும் பேசக்கூடிய 1800-180-5522 என்ற எண். கூடவே ஒரு உறுதிமொழிப் பத்திரம்.

அந்தப் பத்திரத்துக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அட்மிஷன் சமயத்தில் நீட்டிய கட்டோடு கட்டாக நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். படித்தீர்களா? நான் பார்த்த வரை பத்து பேரில் ஒன்பது பேர் படிப்பதில்லை. "ராகிங் பத்தினது சார், பையனைப் பாதுகாக்க" என்பார்கள். அதில் நீங்கள் எழுதிக் கொடுத்திருப்பது வேறு. என் பிள்ளை இன்னொருவனை ராகிங் செய்யமாட்டான், செய்தால் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் பயமெல்லாம் முதல் வருஷத்துக்கானது. மெத்தையும் பக்கெட்டும் தூக்கிக்கொண்டு வந்து, அலமாரியில் பருப்புப்பொடி டப்பாவையும் புளிக்காய்ச்சல் பாட்டிலையும் அடுக்கி, ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்து, வார்டனிடம் நாலு தடவை "பாத்துக்கங்க சார்" சொல்லிவிட்டுப் போகிறீர்கள். ஜூன் வந்தால் அப்பாடா என்கிறீர்கள். இரண்டாம் வருஷம் பையன் தானே ரயிலேறிப் போகிறான், தானே பெட்டியைத் தூக்குகிறான். விடுதிப் பக்கம் நீங்கள் எட்டிப் பார்ப்பதில்லை. வார்டனாக எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த வருஷம்தான்.

ஒரு பையன். எங்கே, எந்த வருஷம் என்பது வேண்டாம். ஸ்ரீரங்கம்தான். முதல் வருஷம் மூணு மாசம் என் கண்ணையே பார்க்கமாட்டான். சட்டையைப் பார்த்துப் பேசுவான். பழக்கம் அப்படி ஆகியிருந்தது. அம்மா வாராவாரம் போன் செய்வார். புகார் எழுதித் தா என்றால் "ஒண்ணும் இல்ல சார்" என்பான். மறு வருஷம் செப்டம்பர் மாதம் ராத்திரி ரவுண்டு போகிறேன். தண்ணி டேங்க் பக்கத்து வராந்தாவில் மூன்று முதலாண்டுப் பையன்கள் தலையைக் குனிந்து நிற்கிறார்கள். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருப்பவன் இவன். என்னைப் பார்த்ததும் எழுந்து, சிரித்தபடி, "சும்மா இன்ட்ரோதான் சார்" என்றான். இந்தத் தடவை என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான்.

அப்பாவைக் கூப்பிட்டோம். மரியாதையான மனுஷர். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "அவனுக்கு நடந்தப்ப யாரும் கேக்கலையே சார். இப்ப இவன் செஞ்சா மட்டும் ஏன் சார்?" என்றார். நியாயமான கோபம், அதில் எனக்கும் கல்லூரிக்கும் சேர வேண்டிய பங்கு இருந்தது. ஆனால் அவர் கோபப்பட்டது தன் பையன் பட்டதற்காக மட்டும். அந்த வராந்தாவில் நின்ற மூன்று பேரின் அப்பாக்கள் ஒருத்தர் மணப்பாறை, ஒருத்தர் லால்குடி, ஒருத்தர் பெரம்பலூர் பக்கம். அவர்களும் பக்கெட் தூக்கி வந்தவர்கள்தான். அவர்கள் யாரென்று அவர் கேட்கவே இல்லை.

இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். பையன் செட்டில் அடிபட்டால் ஊரைக் கூட்டுகிறீர்கள், சரி. பையன் செட்டில் பெரிய ஆளானால் பெருமைப்படுகிறீர்கள். "அங்கே இவன் சொன்னா பசங்க கேப்பாங்களாம்" என்று கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்கிறீர்கள். ஏன் கேட்கிறார்கள், எதற்குப் பயந்து கேட்கிறார்கள் என்று எப்போதாவது விசாரித்தீர்களா? அடி வாங்கினவன் அடிக்கத்தான் செய்வான் என்று தத்துவம் பேச வேண்டாம். வாங்கியும் கொடுக்காத பையன்கள் எல்லா விடுதியிலும் இருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். புது பேட்ச் வரும் நாளில் வாசலில் நின்று பெட்டியைத் தூக்கிக் கொடுக்கிறவர்களில் அவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் செட்டு உண்டு. மற்ற செட்டுகள் அவர்களை "அம்மாஞ்சி" என்னும்.

உங்களால் செய்யக்கூடியது அதிகம் இல்லை, இருப்பதையாவது செய்யுங்கள். லீவுக்குச் செட்டையே வீட்டுக்குக் கூப்பிடுங்கள். திமுதிமுவென்று ஏழெட்டுப் பேர் வருவார்கள். குழம்பு ரசம் அப்பளம் போதும். சாப்பிடும்போது பெயர், ஊர், குலம் கோத்திரம் விசாரிக்காமல் சும்மா கவனியுங்கள். தண்ணீர் சொம்பை எடுக்க எழுந்திருப்பது எப்போதும் ஒரே பையனா? எல்லோரும் ஒருவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்களா? ஜூனியர் ஒருவன் வந்திருந்தால் அவன் வாய் திறக்கிறானா? ஒரு மதியச் சாப்பாட்டில் தெரிவது ஒரு வருஷம் போனில் நோண்டினாலும் தெரியாது. போனைத் திருட்டுத்தனமாகப் பார்க்காதீர்கள். அதோடு அவன் உங்களிடம் பேசுவது நின்றுவிடும், பிறகு நிஜமாகவே மாட்டிக்கொள்ளும் ராத்திரியில் உங்களைக் கூப்பிடமாட்டான்.

பணம் எங்கே போகிறது என்று கேளுங்கள். 'ட்ரீட்' என்ற பெயரில் ஜூனியரிடம் பிடுங்குகிறார்களா, இவனும் பிடுங்குகிறானா? செட்டை விட்டு வந்தவன் எவனாவது இருக்கிறானா, அவனோடு மற்றவர்கள் இப்போதும் பேசுகிறார்களா என்றும் கேளுங்கள். விலகியவனோடு பேசுகிற செட்டு என்றால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

பையனுக்கு ஏதாவது நடந்தால் "சொன்னா இன்னும் மோசமாயிடும், படிச்சு முடிச்சுட்டு வா" என்று மட்டும் சொல்லாதீர்கள். கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள், தேதி போட்டு, பிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டு. வாய்வார்த்தையாகச் சொன்னால் "ரெண்டு பக்கமும் கூப்பிட்டுப் பேசிடறோம்" என்று ஒரு ராஜி நடக்கும். அந்த ராஜிகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். கைகுலுக்கச் சொல்வார்கள், குலுக்குவார்கள், ராத்திரி லைட் அணைத்ததும் பாக்கி நடக்கும். எழுத்தில் கொடுத்தால் விசாரித்தே ஆக வேண்டும். முதல் பார்வைக்கு உண்மை என்றால் அந்த மாணவனை இடைநீக்கம் செய்தாக வேண்டும் என்று 1997 சட்டம் சொல்கிறது. பெயர் சொல்லப் பயமாக இருந்தால் அந்த 1800 எண்ணில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம்.

அந்த உறுதிமொழிப் பத்திரம் வருஷா வருஷம் தர வேண்டியது. இப்போது இணையத்தில் நிரப்புகிறார்கள். இரண்டாம் வருஷத்துப் படிவத்தை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள், பையனே உங்கள் மின்னஞ்சலையும் போட்டு முடித்திருப்பான். இந்த வருஷம் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து வரிவரியாகச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அப்பாவும் அம்மாவும் ரெண்டு பேரும் இருங்கள். படித்து முடித்ததும், போன வருஷம் உன்னை மூணாவது பட்டனைப் பார்க்கச் சொன்னவன் பெயர் என்ன என்று கேளுங்கள். சொன்னால், இந்த வருஷம் உன் பட்டனைப் பார்த்தவன் யார் என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். காபி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள், எழுந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன்